கோழிப் பண்ணைக்காரனின் சட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்கு சர்வதேசச் சட்டத்தை எடுக்க ஆசை. ஆனால் தினமும் செய்தி பார்த்தால் மனம் விட்டுப்போகிறது. பலம் உள்ள நாடு நினைத்ததைச் செய்கிறது, கேட்டால் ஐ.நா. தீர்மானத்தையே தடுக்கிற வீட்டோ அதிகாரம் இருக்கிறது. உலக அறம், மனித உரிமை என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதுவரை ஒரு குண்டையாவது தடுத்திருக்கிறார்களா? "போலீஸ் இல்லாத ஊருக்குச் சட்டம் எதற்கு?" என்கிறான் என் அண்ணன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் அண்ணனின் கோபம் நியாயமானது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவுமே உறுப்பினர் இல்லை. 2025இல் அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் மீதே தடை விதித்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தத் துறையில் வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

1921. ஓட்டோமான் துருக்கியின் அமைச்சராக இருந்து, அந்நாட்டு ஆர்மீனியர்களைக் கொன்றொழித்ததில் முதன்மைப் பங்கு வகித்த தலாத் பாஷாவை, பெர்லின் தெருவில் ஓர் ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். அவர் மீது வழக்கு நடந்தது. இன்றைய உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் படித்துக்கொண்டிருந்த ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத மாணவர் தன் பேராசிரியரிடம், இத்தனை பேரைக் கொன்ற தலாத் மீது ஏன் யாரும் வழக்குப் போடவில்லை என்று கேட்டார். பேராசிரியர் ஓர் உவமை சொன்னார். பண்ணைக்காரன் தன் கோழிகளைக் கொல்கிறான், அது அவன் விஷயம், நீ தலையிட்டால் அத்துமீறல். இதை லெம்கினே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். பேராசிரியர் கொடூரமானவர் என்று நான் நினைக்கவில்லை. அன்றைய சட்டம் அதுதான். ஓர் அரசு தன் குடிமக்களை என்ன செய்தாலும் வெளியே இருப்பவர் கேட்க வழியில்லை.

அந்தப் பதிலை லெம்கினால் விழுங்க முடியவில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். அப்பா, அம்மா உட்பட 49 உறவினர்களை இழந்தார். 1944இல் ஒரு கிரேக்கச் சொல்லையும் ஒரு லத்தீன் சொல்லையும் சேர்த்து, நாம் இன்று இனப்படுகொலை என்று சொல்வதற்கு முதன்முதலாக ஒரு பெயர் கொடுத்தார். அப்புறம் ஐ.நா.வின் நடைபாதைகளில் கண்ணில் படுகிற பிரதிநிதிகளை எல்லாம் பிடித்து நிறுத்திப் பேசிக்கொண்டே இருந்தார். 1948 டிசம்பர் 9 அன்று இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கை நிறைவேறியது. 1959இல் வறுமையில் இறந்தார். அதுவரை எந்தச் சர்வதேச நீதிமன்றமும் அந்தக் குற்றத்துக்காக ஒருவரைக்கூடத் தண்டித்திருக்கவில்லை. அன்று உங்கள் அண்ணன் இருந்திருந்தால், பார்த்தாயா, வெறும் காகிதம் என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி தான்சானியாவின் அருஷா நகருக்கு வாருங்கள். 1997 ஜனவரி. 1994இல் ருவாண்டாவில் டுட்சி இனத்தவரைக் கொன்றொழித்த படுகொலைகளை விசாரிக்க ஐ.நா. அமைத்த நீதிமன்றம். டாபா என்ற வட்டாரத்தின் தலைவராக இருந்த ழான் பால் அகாயேசு குற்றவாளிக் கூண்டில். மூன்று நீதிபதிகளில் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் நவநீதம் பிள்ளை. குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பாதுகாப்புக்காக 'ஜே' என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு தாய் சாட்சி சொல்கிறார். தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வல்லுறவு செய்தார்கள் என்கிறார். வழக்கில் இல்லாத விஷயம். குறித்துக்கொண்டு அடுத்த சாட்சிக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீதிபதிகள் போகவில்லை. மேலே கேட்டார்கள். வட்டார அலுவலகத்திலேயே இளம்பெண்களுக்கு அது நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று அந்தத் தாய் சொன்னார். இன்னொரு சாட்சியும் பேசினார். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்த முதல் தீர்ப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலைதான் என்று அது சொன்னது. அதுவரை போர்க் கொள்ளையோடு கொள்ளையாகப் பார்க்கப்பட்ட ஒன்று அது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. லெம்கினின் சொல் மட்டும் இருந்து அந்த அறையில் அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால் அந்தச் சிறுமியின் கதை பதிவேட்டில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும். கேள்வி எழுந்து, லெம்கினின் சொல் இல்லாமல் இருந்திருந்தால் அதை எந்தக் குற்றத்தின் கீழ் வைப்பது? கட்டுரை எழுதுகிறவர்கள் என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்டீர்களே, அவர்கள் எழுதுவது அருஷாவில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நீதிபதிகளுக்காகவும்தான்.

குண்டைத் தடுத்தார்களா? ருவாண்டாவில் இல்லை. அங்கே அரிவாளைக்கூட யாரும் தடுக்கவில்லை. அந்தக் கணக்கை எந்தத் தீர்ப்பும் நேர்செய்யாது.

அண்ணனின் போலீஸ் கேள்விக்கு மட்டும் நேராகவே ஒரு பதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதெர்தேயை மணிலாவில் கைது செய்து, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அனுப்பி வைத்தது அந்த நாட்டுப் போலீஸ்தான். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகள் தொடர்பான வழக்கு அது. எல்லா ஊரிலும் இது நடக்காது, சரி. ஒருகாலத்தில் எந்த ஊரிலும் நடந்திருக்காது.

உங்கள் வயதுக்காரர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்க்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வைக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலையில் நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்: கடமை உண்டு, மீறினால் இழப்பீடு வரை போகலாம். யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாத ஆலோசனைக் கருத்துதான். ஆனால் இனி பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவார்கள்.

படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கோட்பாட்டோடு நின்றுவிடாதீர்கள். சாட்சியிடம் எப்படிக் கேட்பது, ஆவணத்தை எப்படிப் பாதுகாப்பது, இன்னொரு மொழியில் பேசுகிறவரின் வாக்குமூலத்தைச் சிதைக்காமல் எப்படி எழுதுவது, இதையெல்லாம் இப்போதே கற்கத் தொடங்குங்கள். விண்ணப்பம் போடும் முன் அகாயேசு தீர்ப்பில் பாலியல் வன்முறை பற்றிய பகுதியை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்