வாப்பாவுக்குப் புதுக் குளிசை: கையெழுத்துப் போடலாமா?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். வாப்பாவுக்கு 63 வயது, இதயப் பலவீனம், எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 22 சதவீதம்தான், மூன்று தலையணை வைத்தும் மூச்சு முட்டுவதால் கதிரையில் குந்தியபடிதான் நித்திரை. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் புதுக் குளிசை ஒன்றைச் சோதிக்கிறார்கள், சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசையாம், வாப்பாவைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறாங்களா டொக்டர்?"

கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த வெறும் குளிசை ஏன் தேவை என்பதற்கு மில்ரினோனின் கதை போதும். இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும் மருந்து அது, ஊசியாக ஏற்றினால் நோயாளிக்கு உடனே தெம்பு வரும், அதனால் குளிசையாகத் தினமும் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இதயம் மிகவும் பலவீனமான 1,088 பேரில் பாதிப் பேருக்கு அதையும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் முடிவு வெளிவந்தது: மில்ரினோன் குடித்தவர்களிடம் மரணம் 28 சதவீதம் அதிகம், அதிலும் உங்கள் வாப்பாவைப் போல நோய் முற்றி, சும்மா இருந்தாலே மூச்சு வாங்குகிறவர்களிடம் 53 சதவீதம் அதிகம். களைத்துப்போன வண்டில் மாட்டை அடித்து ஓட்டின மாதிரி. வெறும் குளிசைக்காரர்கள் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால், 'நோய் முற்றிவிட்டது, பாவம்' என்று சொல்லிவிட்டு அந்த மருந்தையே தொடர்ந்து எழுதியிருப்போம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சக்கூபிட்ரில்-வல்சார்ட்டன் கூட்டுக் குளிசை 2014இல் சுமார் 8,400 பேரிடம் எனாலாப்ரில் என்ற பழைய இதய மருந்தை வென்றது, இதய, இரத்தக் குழாய்க் காரணத்தால் இறப்பதோ இதயப் பலவீனம் கூடி ஆஸ்பத்திரியில் படுப்பதோ 20 சதவீதம் குறைந்தது. அதையே பின்னர் நோய் முற்றிய 335 பேரிடம் தனியாகச் சோதித்தபோது வல்சார்ட்டனை மட்டும் கொடுத்ததை விட அது மேலாக இல்லை. லேசான நோயாளிக்கு வேலை செய்ததெல்லாம் முற்றியவருக்கும் செய்யும் என்று நம்ப முடியாது, அதனால்தான் வாப்பா போன்றவர்களைத் தேடி வருகிறார்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது இது: இப்போது குடிக்கும் குளிசைகள் நிற்குமா? இந்த நோய்க்கான ஆராய்ச்சிகளில் வழக்கமாக அவை அப்படியே தொடரும், புதியதோ வெறுமையோ அதற்கு மேல்தான் சேரும். 'நிறுத்துவோம்' என்றால் காரணம் கேளுங்கள், உங்கள் கிளினிக் டொக்டரிடம் கொப்பியைக் காட்டிப் பேசாமல் ஒப்பாதீர்கள். ஆராய்ச்சி நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பிரஷர் இறங்கினால் அல்லது கிட்னி பாதித்தால் செலவு யாருடையது, ஆராய்ச்சி முடிந்த பிறகு அதே மருந்து கிடைக்குமா என்பதும் முக்கியம். இரவு 2 மணிக்கு மூச்சு முட்டினால் நீங்கள் ஓடப்போவது பக்கத்திலுள்ள கல்முனை ஆஸ்பத்திரிக்கு, கொழும்புக்கு இல்லை; ஆகவே கல்முனை டொக்டருக்குக் காட்ட, ஆராய்ச்சி விவரம் எழுதின ஒரு துண்டும் தொலைபேசி இலக்கமும் வாங்கி வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே விலகலாம், அதற்காக வழமையான வைத்தியத்தை யாரும் மறுக்க முடியாது. முக்கியமாக, வாப்பாவின் சம்மதம் வாப்பாவுடையது. அவர் 'வேணாம்' என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கொழும்புப் பயணம். பஸ்ஸில் ஒன்றுக்கு முட்டும் என்று நம் ஆட்கள் அன்றைக்கு மூத்திரக் குளிசையை விட்டுவிடுவார்கள், மறுநாள் நீர் தங்கிக் கால் வீங்கி, இரண்டு கிலோ கூடி வந்து நிற்பார்கள், பழி புதுக் குளிசையின் தலையில் விழும். பயண நாளில் எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு பிடிக்கிற எண்ணம் இருந்தால் அதையும் சேரும்போதே சொல்லுங்கள். மிஞ்சின குளிசைகளை ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். கணக்குச் சரிவர வேண்டும் என்று மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடாமல், தவறின நாளைத் தவறியது என்றே வாப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள்.