எண்டோலைசின் என்றால் என்ன? வைரசின் புரதம் எப்படி மருந்தாகும்?

பற்றீரியாக்களை மட்டுமே தாக்கும் வைரசுகள் உண்டு. 1917இல் நுண்ணுயிரியலாளர் பீலிக்ஸ் டெரெல் அவற்றுக்கு ‘பற்றீரியோபேஜ்’ என்று பெயரிட்டார். பற்றீரியாவுக்குள் பெருகிய குட்டி வைரசுகள் வெளியேற, அதன் சுவரை அறுக்கும் புரதம் வேண்டும். அதுதான் எண்டோலைசின். அதைத் தனியே பிரித்தெடுத்து வெளியிலிருந்து பூசினாலும் சுவர் அறுபடுகிறது.

சுவர் அறுந்தால் பற்றீரியா ஏன் சாகிறது? யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரருக்குச் சொல்லவே தேவையில்லை. ரயர் கிழிந்த இடத்தில் ரியூப் கொப்புளம்போலப் பிதுங்கும்; அடுத்த கல்லில் ‘டமார்’. பற்றீரியாவுக்குள்ளும் அப்படியொரு அழுத்தம். பற்றீரியாவால் கலங்கிய திரவத்தில் எண்டோலைசினை இட்டால், அது சில நிமிடங்களிலேயே தெளிந்துவிடுவதுண்டு. நம் உயிரணுக்களுக்கு அந்த ரயரே, அதாவது சுவரே, கிடையாது; அறுக்க எதுவுமில்லை. வெளியே இன்னொரு சவ்வைப் போர்த்திய ஈ.கோலை போன்ற பற்றீரியாக்கள்தான் எளிதில் மசிவதில்லை.

வைரசையே உடலில் ஏற்றுவதாகப் பலர் அஞ்சுகிறார்கள். ஏற்றுவது, தானாகப் பெருகத் தெரியாத வெறும் புரதம்.