114 மெகாபிட்டைத் தாண்டாத கோடு

கேள்வி: எங்கள் ரவுட்டரின் 1 ஜிகாபிட் இணைப்பை, நெட்வொர்க் கருவிகளின் அளவீடுகளைத் தொலைவிலிருந்து படிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, அதன் பயன்பாட்டை வரைபடமாக வரைகிறேன். இரவில் பேக்கப் ஓடி இணைப்பே திணறும்போதும், உள்வரும் கோடு விநாடிக்கு 114 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. மேலும், மொத்தப் பயன்பாட்டுக்கு இரு திசைகளையும் கூட்டலாமா?

பதில்: கோளாறு எங்கே என்பதை அந்த 114-ஏ காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரவுட்டர் வேகத்தைச் சொல்வதில்லை. அந்த போர்ட்டைக் கடந்த பைட்டுகளை எண்ணிவரும் கவுண்ட்டரை மட்டுமே தருகிறது. அடுத்தடுத்த இரு அளவீடுகளின் வித்தியாசத்தை 8-ஆல் பெருக்கி, இடைப்பட்ட விநாடிகளால் வகுத்துத்தான் உங்கள் மென்பொருள் கோட்டை வரைகிறது. நீங்கள் படிப்பது 'இஃப்இன்ஆக்டெட்ஸ்' என்னும் 32 பிட் கவுண்ட்டராக இருக்க வேண்டும். அது 4,29,49,67,295 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், ஏறத்தாழ 34 விநாடிக்கு ஒரு சுற்று முடிந்துவிடும். 5 நிமிடத்தில் எட்டு சுற்றுக்கு மேல் ஓடியிருந்தாலும், கடைசியில் நின்ற எண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அது தெரிய வழியில்லை. ஒரு முழுச் சுற்றின் பிட்டுகளை 300 விநாடியால் வகுத்துப் பாருங்கள்: 114.5 மெகாபிட் வரும். இரு அளவீடுகளின் வித்தியாசம் ஒரு சுற்றைத் தாண்டாது என்பதால், கோடும் அதற்கு மேல் ஏறாது.

'இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ்', 'இஃப்எச்சிஅவுட்ஆக்டெட்ஸ்' என்னும் 64 பிட் கவுண்ட்டர்களுக்கு மாறுங்கள். எஸ்என்எம்பியின் முதல் பதிப்பு 64 பிட் எண்ணைச் சுமக்காது என்பதால், பதிப்பை 2சி அல்லது 3 ஆக மாற்றுவதும் அவசியம். இதை மறந்துவிட்டு, இருந்த கோடும் போயிற்றே என்று பலர் தவிப்பதுண்டு.

கூட்டுவது எதற்காக என்பதைப் பொறுத்தது. ஒரு மாதத்தில் எத்தனை டெராபைட் கடந்தது என்று அறியக் கூட்டலாம். இணைப்பு நிரம்பிவிட்டதா என்று அறிய மட்டும் கூட்டவே கூடாது. ஃபுல் டூப்ளெக்ஸ் இணைப்பில் இரு திசைகளுக்கும் தனித்தனியே 1 ஜிகாபிட் உண்டு. கூட்டுத்தொகை 1 ஜிகாபிட் என்றால், இரு பக்கமும் பாதி காலியாக இருக்கலாம், அல்லது ஒரு பக்கம் அடைபட்டு மறுபக்கம் சும்மா கிடக்கலாம். உள்வருவதைப் பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலும் வெளிச்செல்வதைக் கீழும் வரைவதே என் வழக்கம்.

அளவீடுகளைச் சேமித்து வரைபடமாக்கும் ஆர்ஆர்டிடூல் மென்பொருளில் சேமிப்பவரானால், சராசரியோடு உச்ச அளவையும் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய அளவீடுகள் நாள் சராசரியாகச் சுருக்கப்படும்போது, ஒரு மணி நேர பேக்கப்பின் உச்சம் இருந்த சுவடே தெரியாது.