கடற்பாசியும் வெயிலும்: கேள்வி பதில்

வெளிச்சத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, மிதவையில் கட்டிய சிவப்பு ரகக் கப்பாபைகஸ் (கடலில் வளர்த்து விற்கிற ஒரு செம்பாசி) மேல்பக்கம் மஞ்சளடிக்கிறது. கீழே தொங்குவது கருஞ்சிவப்பு. நோயா? (குளச்சல்)

பெரும்பாலும் நோயாக இருக்காது. சிவப்பைத் தருவது பைக்கோஎரித்ரின் என்ற நிறமி. வெளிச்சம் குறைந்தால் பாசி அதை நிறையச் சேர்க்கும். வெயில் மிகுந்தால் குறைத்துக்கொள்ளும். ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்து 'டக்'கென்று ஒடிந்தால் பயமில்லை. வெள்ளையாகி, கொழகொழத்து, தொட்டதும் அறுந்தால் அது ஐஸ்-ஐஸ் என்ற நோய். கடும் வெயில், சூடு, மழைநீரால் உப்புக் குறைவு என எதிலாவது பாசி நலிந்ததும் பாக்டீரியா ஏறிக்கொள்ளும். அந்தக் கிளைகளை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், கடலிலேயே வீசாதீர்கள்.

நிழலில் தொங்குவதும் சேர்ந்து வெளிறினால் வெயிலைக் குறைசொல்ல மாட்டேன். பைக்கோஎரித்ரின் ஒரு புரதம், பாசிக்கு நைட்ரஜன் சேமிப்பும் அதுதான். தண்ணீரில் சத்து குறைந்தால் அதை எடுத்துச் செலவழித்துவிடும். மிதவையை நீரோட்டம் உள்ள இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

வெயில் கூடக்கூட வளர்ச்சியும் கூட வேண்டாமா சார்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ஓரளவு வரைதான் அம்மா. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஃபோட்டான் (ஒளித்துகள்களை எண்ணும் அளவு) விழுகிறது. பல செம்பாசிகளுக்குச் சில நூறிலேயே ஒளிச்சேர்க்கை உச்சத்தைத் தொட்டுவிடும். மிச்ச வெளிச்சம் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதத்தைச் சிதைக்கும், செல் அதைப் புதிதாகச் செய்து போட்டுக்கொண்டே இருக்கும். மதியம் சிதைவு முந்துவதால் ஒளிச்சேர்க்கை மந்தப்படும், வெயில் தாழ்ந்ததும் மீளும். ஃபுளோரோமீட்டர் (ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் கருவி) அளவை மதியம் மட்டும் எடுத்துவிட்டுப் பாசி கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். விடியலுக்கு முன்பும் எடுங்கள்.

கயிற்றை எவ்வளவு ஆழத்தில் கட்டலாம்? (மணக்குடி)

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது அக்கா. கடல் கலங்கினால் முழங்கை ஆழத்திலேயே இருட்டிவிடும். (ஆனி, ஆடியில் நம் பக்கம் மிதவையே நிற்காது, அது வேறு கதை.) தண்ணீர் தெளிந்திருக்கும்போது இரண்டு கயிறு கட்டுங்கள்: ஒன்று மேல்மட்டத்தை ஒட்டி, இன்னொன்று அரை மீட்டர் கீழே. 45 நாள் கழித்து இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள். எதுவானாலும் பாசி தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது.

செம்பாசி எவ்வளவு ஆழம் வரை உயிரோடு இருக்கும்? (முட்டம்)

1984-இல் பஹாமாஸ் பக்கம் 268 மீட்டரில் பார்த்திருக்கிறார்கள். பாறையோடு சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஒட்டி வளரும் இனம். ஆழத்துக்கு இறங்கும் நீலப்பச்சை ஒளியைப் பைக்கோஎரித்ரின் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அங்கே வளர்ச்சி மிக மெதுவு. விற்கிற பாசிக்கு அந்தக் கணக்கு உதவாது.