தாத்தாவின் போர்ப் பதக்கம்: விளிம்பில் இருந்து தொடங்குங்கள்

தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தார், வீரப் பதக்கம் வாங்கினார் என்று வீட்டில் சொல்கிறார்கள். சில பதக்கங்கள் இருக்கின்றன, தாள் எதுவும் இல்லை. அவர் எங்கே பணியாற்றினார், எதற்காகப் பதக்கம் கொடுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் மூன்று ஆண்டுகள் அலைந்தேன். என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் இருந்தவர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, ஆற்றைக் கடக்க மிதவை ஓட்டுவது எல்லாம் அந்தப் படையின் வேலை. பெங்களூரில் இன்றும் அந்தப் படையினரைத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள்.

முதலில் பதக்கங்களை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திர வடிவில் இருப்பவை வீரப் பதக்கங்கள் அல்ல. பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் எல்லாம் அந்தந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்டவை. பின்புறம் சிங்கம் ஒன்று இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்பது போல இருந்தால் அது போர்ப் பதக்கம். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியப் பணிப் பதக்கம். இவையும் பொதுவானவையே. போர் முடியும்போது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள், ஆகவே இவை பல வீடுகளில் இருக்கின்றன. இதைச் சொல்வதால் உங்கள் தாத்தாவின் பெருமை குறைந்துவிடாது. அந்த நட்சத்திரத்தை வாங்க ஒருவர் பர்மாவின் மழையிலும் மலேரியாவிலும் கிடந்திருக்க வேண்டும். ஆனால் தேடும்போது எது எது என்று தெரியாவிட்டால் தவறான வழியில் மாதக்கணக்கில் போய்விடுவீர்கள். நான் போனேன்.

வட்டமான வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்து, பின்புறம் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்ட்' என்ற வாசகம் இருந்தால் அது மிலிட்டரி மெடல். இலை வளையத்துக்குள் 'ஃபார் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்' என்று இருந்தால் அது இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல். 1907-ல் தொடங்கி 1947-ல் நிறுத்தப்பட்டது. போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் சிறிய வெண்கல இலை ஒன்று குத்தியிருந்தால் அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள். தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது என்பதன் அடையாளம் அது.

இனி பதக்கத்தின் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். வீரப் பதக்கங்களின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஆயா ஒவ்வொரு பொங்கலுக்கும் பித்தளைச் சாமான்களோடு அந்தப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவார். நாற்பது பொங்கல் தேய்த்ததில் எழுத்துகள் மழுங்கிவிட்டன. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக அடித்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றினேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத இடத்தில் முதலில் ஒரு 7 எழுந்தது, அதன் பக்கத்தில் ஒரு 4. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த எண்தான் எல்லாக் கதவையும் திறந்தது. உங்கள் பதக்கத்தை யாரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.

எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியம் என்றால், நம் பெயர்கள் ஆங்கில ஆவணங்களில் படும் பாடு அப்படி. ஏழுமலை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 'இ' என்பார் ஒரு குமாஸ்தா, 'ஒய்' சேர்ப்பார் இன்னொருவர். நடுவில் உள்ள ழகரம் ஒருவர் கையில் 'எல்' ஆகும், மற்றொருவர் கையில் 'இசட்' ஆகும். சாமி என்று முடியும் பெயர்களில் 'டபிள்யூ' வரும், போகும். தகப்பனார் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர் சில சமயம் பெயராகவே ஏறிவிடும். ஒரே கம்பெனியில், அதாவது படையின் ஒரே சிறு பிரிவில், ஒரே பெயரில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். எண் ஒருவருக்குத்தான் சொந்தம்.

விளிம்பு முழுவதும் தேய்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், நிலப் பத்திரம், பழைய கடித உறை என்று வீட்டில் உள்ள தாள்களில் தேடுங்கள். பென்ஷன் புத்தகத்தில் ஓய்வூதியத்துக்கு மேல் சிறு தொகை ஒன்று தனியாக எழுதியிருந்தால் கவனியுங்கள். வீரப் பதக்கம் பெற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு மாதப் படி உண்டு. எங்கள் பெரியப்பா அந்தத் தொகையை 'மெடல் காசு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எண் கிடைத்ததும் இரண்டு பக்கமாகத் தேட வேண்டும். ஒன்று இங்கே. அந்தந்தப் படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள்: மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். எண், பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள், அன்றைய தாலுகா, மனைவி பெயர் ஆகியவற்றை எழுதி, வாரிசு என்பதற்கான சான்றும் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். எனக்கு முதலில் 'ஏடு கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. எண்ணைச் சேர்த்து மறுபடி எழுதியபோது சேர்ந்த நாள், விலகிய நாள், கம்பெனி எண் ஆகிய மூன்றும் வந்தன. கம்பெனி எண்ணைத் தவறவிடாதீர்கள், அது பின்னால் உதவும்.

இன்னொன்று லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே 'டபிள்யூ ஓ 373' என்ற வரிசையில் தரைப்படையினருக்கான பதக்கப் பரிந்துரைத் தாள்கள் இருக்கின்றன. இந்தியப் படையினருக்கானவையும் அதில் அடக்கம். இணையத்திலேயே தேடிப் படமாக இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டின் பழைய இதழ்களும் இணையத்தில் உள்ளன. ஆனால் மிலிட்டரி மெடல் போன்றவற்றுக்குக் கெஜட்டில் எண்ணும் பதவியும் பெயரும்தான் பெரும்பாலும் இருக்கும், என்ன செய்தார் என்று இருக்காது. அதைச் சொல்வது பரிந்துரைத் தாள் மட்டுமே.

என் தாத்தாவின் தாள் திரையில் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கட்டம் போட்ட அச்சுப் படிவம். இடது ஓரத்தில் டிவிஷன், படைப்பிரிவு; நடுவில் தட்டச்சில் பதினான்கு வரிகள்; கீழே பிரிகேட், டிவிஷன், கோர் என்று அடுக்கடுக்காகக் கையெழுத்துகள். வலது ஓரத்தில் இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல் என்று தட்டச்சு செய்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே இரண்டே எழுத்துகள் எழுதியிருந்தார்கள்: 'எம். எம்.', அதாவது மிலிட்டரி மெடல். யாரோ ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து ஒரு கோட்டில் மாற்றியிருக்கிறார். உங்கள் தாளிலும் இப்படி அடித்தல் இருக்கக்கூடும். பரிந்துரைத்தது ஒன்றும் கொடுத்தது வேறொன்றுமாக இருப்பது வழக்கம்தான்.

வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை, தாத்தா ஜப்பான்காரனோடு நேருக்கு நேர் கத்திச்சண்டை போட்டுப் பதக்கம் வாங்கினார் என்பது. தாளில் கத்தியே இல்லை. 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆறு. பகான் கோயில்களுக்கு அருகே நியாங்கூ என்ற இடத்தில் 7-வது இந்திய டிவிஷன் அந்த மாதம் 14-ஆம் தேதி ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. அதன் பிறகு இரவும் பகலும் ஆட்களையும் வண்டிகளையும் மிதவைகளில் அக்கரை சேர்த்தார்கள். சில நாள் கழித்து ஓர் இரவு, தாத்தா இருந்த மிதவையின் இயந்திரம் நடு ஆற்றில் நின்றுவிட்டது. எதிரி கையில் இருந்த கரையை நோக்கி அது நீரோட்டத்தில் இழுபட, இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. அவர் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு மணல் திட்டுக்கு நீந்தி, முளை அடித்துக் கட்டினார். ஏரிக்கரை ஊரில் பிறந்து தாமரைத் தண்டுக்காக முழுகி வளர்ந்தவர். அவர் நீந்தி நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பரிந்துரைத் தாளோடு நிறுத்திவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது ஒருவரைப் புகழ்வதற்காக எழுதப்பட்டது. புகழுக்கு வேண்டியது மட்டுமே அதில் இருக்கும். மிச்சம் போர் நாட்குறிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு படைப்பிரிவும் இடம், நாள், நேரம், நிகழ்ச்சி என்று தினமும் எழுதி வைத்தது. பர்மா முனைக்கு 'டபிள்யூ ஓ 172', மத்தியக் கிழக்குக்கு 169, இத்தாலிக்கு 170 என்று கியூவில் வரிசைகள் உள்ளன. கம்பெனி எண் தெரிந்தால்தான் சரியான ஆவணக் கட்டைக் கேட்க முடியும். நாட்குறிப்பில் சிப்பாய்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'ஐ.ஓ.ஆர்.' என்று இருக்கும். அதிகாரி அல்லாத இந்தியச் சிப்பாய்கள் என்று பொருள். ஊர்ப் பெயருக்குப் பதில் ஆறு இலக்க எண் இருந்தால் அது பழைய இராணுவ வரைபடத்தின் கட்ட எண்.

அந்த இரவுக்கான பதிவு மூன்று வரி. மிதவை மீட்கப்பட்டது. ஆட்களை எண்ணிப் பார்த்ததில் இரண்டு ஐ.ஓ.ஆர். இல்லை.

தாத்தா எங்களை எங்கே அழைத்துப் போனாலும் எண்ணுவார். பஸ் ஏறும்முன் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் உள்ளங்கையை வைத்து, வாய்விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று. ஏறிய பிறகு மறுபடி. இறங்கிய பிறகு மறுபடி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் அவர் கண் இலைகளின் மேல் வரிசையாக ஓடும். வயதானவரின் பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

நான் அந்த மூன்று வரியையும் தமிழில் சொல்லிக் காட்டியபோது பெரியப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இரண்டு பேரும் எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்தவர்கள் பெயர் மட்டுமே உண்டு என்பதால், உயிரோடு திரும்பிய தாத்தாவுக்காக அதை நான் திறந்ததில்லை. தேதியையும் படைப்பிரிவையும் கொடுத்துத் தேடினேன். இருவர் பெயரும் வந்தன. உடல் கிடைக்காதவர்களுக்காக இரங்கூன் அருகே தௌக்கியானில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறித்த நினைவுத் தூண்கள் உள்ளன, அவற்றில் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் தாலுகாவும் இருந்தன. எங்கள் ஊரில் இருந்து இரண்டு மணி நேரப் பயணம். பெரியப்பா அந்த ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். தை பிறந்ததும் போகிறோம்.

இன்னொரு சங்கதி. உங்கள் தாத்தா 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சிறைபட்டு, பிறகு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவராக இருந்தால் மேலே சொன்ன வழி பாதியில் நின்றுவிடும். அந்த இராணுவத்தின் கோப்புகள் புது டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கே கேட்க வேண்டும்.

இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு விளிம்பைப் பாருங்கள். எண் முழுதாகத் தெரியாவிட்டாலும் தெரிந்த இலக்கங்களையும், தெரியாதவற்றுக்குப் புள்ளியும் வைத்து இந்தப் பதிலின் கீழ் எழுதுங்கள். உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து தேடுகிறேன்.