டிலீட்டை அழுத்துமுன் கேட்டவை

திருகோணமலை டவுனில் லப்டொப் திருத்துவதுதான் என் தொழில். "ஹாட் டிஸ்க் செத்துப்போச்சு" என்று கொண்டுவரும் பலவற்றில் டிஸ்க் சுகமாகவே இருக்கும். விண்டோஸ் மறுபடி போடும்போது பார்டிஷன்தான், அதாவது டிஸ்க்கை சி, டி என்று பிரித்த பகுதிகள்தான், குழம்பியிருக்கும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, 2014 இல் வாங்கிய லப்டொப். விண்டோஸ் 10 புதிதாகப் போடப்போனால், "இதில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் போடலாம்" என்று நின்றுவிடுகிறது. டி டிரைவில் என் ஏ/எல் நோட்ஸ் எல்லாம் இருக்கு. அழிக்காமல் வழி உண்டா?

உண்டு. டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று எழுதி வைக்கும் அட்டவணைதான் எம்பிஆரும் ஜிபிடியும்; எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. லப்டொப் எழும்புவதற்குப் பழைய பயோஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை என்று இரண்டு இருக்கின்றன. பழைய முறையில் எழுந்தால் விண்டோஸ் எம்பிஆரில் போய் உட்காரும், புதிய முறையில் எழுந்தால் ஜிபிடியைக் கேட்கும். உங்கள் டிஸ்க் பழைய முறையில் பிரித்தது, விண்டோஸ் போடும் பென் டிரைவ் புதிய முறையில் எழும்பியிருக்கிறது. சண்டை அவ்வளவுதான்.

லப்டொப் எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்தால் பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அது இல்லாத மற்றதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றுதான் தெரிகிறதென்றால் பயோஸுக்குள் (லப்டொப்பின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) போய் லெகசி அல்லது சிஎஸ்எம் என்ற பழைய முறையை இயக்க வேண்டும். பென் டிரைவை ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஜிபிடி என்று வைத்துச் செய்திருந்தால், எம்பிஆர் என்று மாற்றி மறுபடி செய்யுங்கள். பிறகு சி டிரைவை மட்டும் போர்மட் பண்ணி அதிலேயே போடுங்கள். டி அப்படியே இருக்கும்.

யூடியூபில் எல்லோரும் வேறொரு வழி சொல்வார்கள்: ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, கிளீன், கன்வர்ட் ஜிபிடி என்று கட்டளை கொடுப்பது. வேலை இரண்டு நிமிடத்தில் முடியும், உண்மைதான். ஆனால் கிளீன் என்பது சி டிரைவை மட்டும் துடைப்பதில்லை, அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்டிஷனையும் எடுத்துவிடும். "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. நோட்ஸை வேறெங்காவது கொப்பி பண்ணாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அழிக்காமல் ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, 2017 இலிருந்து. டிஸ்க்கில் பழைய விண்டோஸ் இன்னும் பழுதில்லாமல் இருக்கிறதென்றால்தான் அது உதவும். பிரைமரி பார்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, லொஜிகல் டிரைவும் (ஒரு பெரிய பார்டிஷனுக்குள் வெட்டிய சின்னப் பகுதி) இருக்கக்கூடாது. டி, ஈ, எஃப் என்று வெட்டிக் கொடுத்த பழைய லப்டொப்களில் பெரும்பாலும் லொஜிகல்தான் இருக்கும், அதனால் அங்கே தோற்றுவிடும். இன்னொன்று: விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நோட்ஸ் எழுதப் போதும், வங்கி வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து: தம்பி, மகளின் புது லப்டொப்பில் விண்டோஸ் போடப் பார்த்தால் டிஸ்க் ஒன்றுமே காட்டவில்லை. கடையில் எஸ்எஸ்டி மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

நானா, காசு கொடுத்துவிடாதீர்கள். இன்டெல் 11 ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லப்டொப்களில் விஎம்டி என்ற ஒன்று டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் இன்ஸ்டோலருக்கு டிஸ்க் கண்ணுக்கே படாது. லப்டொப் கம்பனியின் தளத்தில் ரெபிட் ஸ்டோரேஜ் என்ற டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிஸ்க் தெரிவு செய்யும் இடத்தில் 'லோட் டிரைவர்' என்று இருக்கும். அதில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். அதற்கு முதல் பயோஸுக்குள் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

மூதூரிலிருந்து ஒரு அக்கா: இன்ஸ்டோல் பண்ணும்போது சி என்று நினைத்து டி-ஐ டிலீட் பண்ணிவிட்டேன். அம்மாவின் படங்கள் எல்லாம் அதில்தான். அம்மா இப்போது இல்லை.

அக்கா, லப்டொப்பை இப்போதே நிறுத்துங்கள். அதில் விண்டோஸ் போட வேண்டாம், 'நியூ' என்பதையும் அழுத்த வேண்டாம். டிலீட் பண்ணும்போது அழிவது அட்டவணையில் இருந்த ஒரு வரிதான். படங்கள் இன்னும் டிஸ்க்கில் கிடக்கின்றன, மேலே வேறெதுவும் எழுதப்படாத வரைக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கொம்பியூட்டரில் கேபிள் வழியாகக் கொழுவுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் அனலைஸ், பிறகு குயிக் சேர்ச். தொலைந்த பார்டிஷன் பட்டியலில் வந்ததும் பி என்ற எழுத்தை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும். படங்களின் பெயர்களைக் கண்ணால் கண்டால், முதலில் அவற்றை இன்னொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். அட்டவணையைத் திருத்தி எழுதுவது அதற்குப் பிறகு.

உங்களுடையது பழைய சுழலும் ஹாட் டிஸ்க் என்றால் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. எஸ்எஸ்டி என்றால், அதை போர்மட்டும் பண்ணியிருந்தால், கஷ்டம். காலியான இடத்தை அது தானே துடைத்துக்கொள்ளும். கை நடுங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு கெம்பஸ் மாணவன்: விண்டோஸுடன் சேர்த்துப் போட்டிருந்த உபுண்டு (லினக்ஸ்) பார்டிஷனை அழித்தேன். இப்போது கறுப்புத் திரையில் 'க்ரப்' என்று மட்டும் வருகிறது.

விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது தம்பி. பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தெரிவு செய்தால் எழும்பும். பிறகு பயோஸில் அதை முதலாவதாக வைத்துவிடுங்கள். உபுண்டுவை அழித்தாலும் அதை எழுப்பும் க்ரப் ஃபைல் ஈஎஃப்ஐ பார்டிஷனில் (எழும்புவதற்கான ஃபைல்கள் இருக்கும் சின்னப் பகுதி) தங்கிவிடும், அதுதான் திரையில் வருகிறது. கோபத்தில் அந்த ஈஎஃப்ஐ பார்டிஷனையே அழித்துவிடாதீர்கள், விண்டோஸும் அதிலிருந்துதான் எழும்புகிறது.

உப்புவெளியிலிருந்து: 100 எம்பி, 16 எம்பி என்று சின்னச் சின்னப் பார்டிஷன்கள். அழிக்கலாமா?

100 என்பது நான் இப்போது சொன்ன ஈஎஃப்ஐ, 16 மைக்ரோசொஃப்ட் தனக்கென்று ஒதுக்கியது. டிஸ்க் முழுவதையும் வெறுமையாக்கிப் போடுவதென்றால் எல்லாவற்றையும் அழிக்கலாம், விண்டோஸ் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். ஒரு பார்டிஷனையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தொட வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆசிரியர்: பயோஸில் ஏதோ மாற்றினேன். 48 இலக்க எண் கேட்கிறது.

அது பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, சேர். மாற்றியதைப் பழையபடி வைத்துப் பாருங்கள், பல நேரம் அதோடு சரி. இல்லாவிட்டால் ஃபோனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போங்கள், எண் அங்கே இருக்கக்கூடும். லப்டொப்பை முதலில் அமைத்தது மகன் என்றால் அவருடைய கணக்கையும் பாருங்கள். எங்கும் இல்லையென்றால் உள்ளே இருப்பதை நானும் எடுக்க முடியாது, யாரும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

சீனக்குடாவிலிருந்து: பெட்டரி செத்த லப்டொப். பாதியில் கரண்ட் போய்விட்டது. டி டிரைவ் போயிருக்குமா?

போயிருக்காது. கரண்ட் வந்ததும் பென் டிரைவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பார்டிஷன் பட்டியலில் பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். இன்ஸ்டோலருக்குள் சி, டி எழுத்துகள் இடம் மாறி வரலாம். பாதியில் நின்றதை மட்டும் போர்மட் பண்ணி அதிலேயே போடுங்கள். பார்டிஷனைச் சுருக்குவது, நகர்த்துவது மாதிரி வேலைகளை மட்டும் அந்த லப்டொப்பில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். அது பாதியில் நின்றால் மூதூர் அக்காவுக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் சொல்ல வேண்டிவரும்.