இறக்கைக்கு வாங்கும் உலோகம்: கேள்வி-பதில்

கேள்வி: சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறேன். இறக்கை பிராக்கெட்டுக்கு 6061-டி6 ஆங்கிள் கேட்கிறது வரைபடம் (6061 ஓர் அலுமினியக் கலவை, டி6 அதைச் சூடேற்றிக் கடினமாக்கிய நிலை). ஜன்னல் வேலை செய்பவரிடம் அலுமினிய ஆங்கிள் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் 6063, பலம் குறைந்த கலவை. ஜன்னலோடு இருக்கட்டும்.

கேள்வி: பாரிமுனையில் 6061-டி6 என்று சொல்லி ஷீட் கொடுத்தார்கள். வைஸில் வைத்து வளைத்தால் கொஞ்சமும் எழும்பாமல் அப்படியே மடங்கிக் கிடக்கிறது. ஸ்பெக்ட்ரோ டெஸ்டில் 6061 என்றே வந்தது. ‘அப்புறம் என்ன சார்?’ என்கிறார் கடைக்காரர். (அம்பத்தூர் வாசகர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஸ்பெக்ட்ரோ, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், டெம்பரை, அதாவது எவ்வளவு கடினமாக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அதே 6061, பதப்படுத்தாத ‘ஓ’ நிலையில் சுமார் 55 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். டி6 சுமார் 275 வரை தாங்கும். ஹார்ட்னஸ் டெஸ்ட் எடுங்கள்: பிரினெல் கடினத்தன்மை அளவில் டி6 சுமார் 95, ‘ஓ’ சுமார் 30.

பில்லில் ‘டி6’ என்று இருந்தால் பிடி உங்கள் கையில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். சொந்த உபயோகத்துக்குத்தானே வாங்கினீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோர்தான்.

கடைக்காரர்கள் காட்டும் டெஸ்ட் சர்டிபிகேட் விவகாரம் எனக்குத் தீராத எரிச்சல். ஒரே ஜெராக்ஸை வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டுவார்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண்) பொருளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் உள்ள முனையைக் கடையிலேயே வைத்துக்கொண்டு மொட்டைத் துண்டை வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். பெசன்ட் நகர் மாடிக்கு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி வாங்கினேன். ‘காந்தம் ஒட்டுதா பாருங்க’ என்று வித்தை காட்டினார்கள். ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. வந்தது 202, மட்டமான ரகம். அதிலும் காந்தம் ஒட்டாது!

கேள்வி: வரைபடம் கேட்கும் 4130 ஸ்டீல் கிடைக்கவில்லை. ஈஎன் 19 என்ற ஸ்டீல் ‘அதே சரக்குதான்’ என்கிறார்கள். பிராக்கெட்டை வெல்டிங் செய்ய வேண்டும். (கிண்டி வாசகர்)

பதில்: அதே சரக்கு இல்லை. ஈஎன் 19, 4140 என்ற வேறு ஸ்டீலுக்கு உறவுக்காரன். கார்பன் சுமார் 0.4 சதவீதம், 4130-ல் 0.3. நன்றாகச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடலாம். தாமதமானாலும் விமானச் சாமான் விற்பவரிடம் 4130-ஐயே வரவழையுங்கள்.

கேள்வி: 6061-ஐ விட 7075 அலுமினியம் பலம் என்று படித்து அதையே வாங்கிவிட்டேன். ஷீட்டை மெலிதாக்கி வளைக்கலாம் அல்லவா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: வாங்கிவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? 7075-டி6 வளைக்கிற இடத்தில் கீறல் விடும்; விடாமல் இழுவிசையில் இருந்தால் அரிப்பினாலும் வெடிக்கும். கனத்தைக் குறைப்பது வடிவமைத்தவர் முடிவு, உங்களுடையது அல்ல. திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இரண்டும் ஒட்டியிருந்தால் கடற்காற்றில் அலுமினியம்தான் அரித்துப்போகும். வரைபடத்தில் உள்ள காட்மியம் பூசிய ஏஎன் (விமானத் தர) போல்ட்டையே வாங்குங்கள்.